சூடோமோனாஸ் பொடியை யு.வி. டார்ச்சில் பார்த்தது: இரும்பு பிடிக்கும் பாக்டீரியாவோடு ஒரு சோதனை

வேலை இதுதான். உரக்கடையில் விற்கும் சூடோமோனாஸ் பொடியில் உயிருள்ள பாக்டீரியா இருக்கிறதா, இருந்தால் அது இரும்பைப் பிடிக்கிற மூலக்கூறைச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாகர்கோவிலில் நான் நடத்துவது சின்ன தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம். ஆட்டோகிளேவ், இன்குபேட்டர், நல்ல தராசு, ஒரு பழைய ஸ்பெக்ட்ரோமீட்டர், அவ்வளவுதான். பொடி சித்தப்பாவுடையது. திருவட்டாறு பக்கம் அவருக்கு வாழைத் தோட்டம். ஏத்தனும் செந்துளுவனும் அதிகம், ஓரமாகக் கொஞ்சம் மட்டி. வாடல் நோய் வராமல் இருக்க, கன்று நடும் குழியில் தொழுவுரத்தோடு இந்தப் பொடியைக் கலந்து போடுவார். "மக்ளே, இதுல உயிர் இருக்கா, இல்ல வெறும் பவுடர்தானா?" என்பது அவருடைய கேள்வி. இரும்பு பற்றிய கேள்வி என்னுடையது.

கொடுத்தது இரண்டு பாக்கெட். ஒன்று புதியது. மற்றது மோட்டார் ஷெட்டின் தகரக் கூரைக்கு அடியில் ஒரு கோடை முழுக்கக் கிடந்தது. கூடவே வாழை வேரில் ஒட்டியிருந்த மண்ணையும், முட்டம் செம்மண் மேட்டில் செடியே இல்லாத இடத்து மண்ணையும் எடுத்துக்கொண்டேன்.

முட்டத்து மண் ஏன் என்றால், அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடின் நிறம். குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இரும்புப் பஞ்சம் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். மேற்கே செம்மண், மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணல், அந்தக் கருமணலின் இல்மனைட்டே இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாதுதான். ஆனால் பாக்டீரியாவுக்கு மண்ணில் இருக்கும் இரும்பு வேறு, தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு வேறு. காற்றுப் படும் இடத்தில் இரும்பு ஃபெர்ரிக் (Fe³⁺) நிலைக்குப் போய்த் துருவாகப் படிந்துவிடும். பி.எச். 7 அளவில், எதனோடும் சேராமல் கரைந்திருக்கும் ஃபெர்ரிக் அயனி லிட்டருக்குச் சுமார் 10⁻¹⁸ மோல். ஒரு பாக்டீரியா ஒழுங்காக வளர 10⁻⁶ அளவு வேண்டும். இரண்டுக்கும் இடையில் லட்சம் கோடி மடங்கு வித்தியாசம். செம்மண்ணுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டுதான் அது பட்டினி கிடக்கிறது.

இதற்கு அது கண்டுபிடித்த வழிதான் சிடரோஃபோர். சிறிய மூலக்கூறு, செல்லுக்குள் செய்து வெளியே விடும். அது துருவின் மேல் போய், ஃபெர்ரிக் அயனியை ஆறு பக்கமும் பிடித்துக்கொள்ளும். 1970-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்த என்டரோபாக்டின், குடல் பாக்டீரியாவான ஈ. கோலை செய்வது. அது இரும்போடு சேரும் பிடிப்பின் மாறிலி 10⁴⁹ வரை போகிறது. உலோகத்தைப் பிடிக்க நம் ஆய்வகத்தில் வைத்திருக்கும் ஈ.டி.டி.ஏ. சுமார் 10²⁵-ல் நின்றுவிடும். தலசீமியா நோயாளிகளுக்கு ரத்தம் ஏற்றி ஏற்றி உடலில் சேர்ந்துபோகும் இரும்பை வெளியேற்றக் கொடுக்கும் டெஸ்ஃபெரால் மருந்தும் ஒரு சிடரோஃபோர்தான். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாவிடமிருந்து கிடைத்தது.

சூடோமோனாஸில் ஒரு வசதி உண்டு. அதன் சிடரோஃபோரான பையோவெர்டின் மஞ்சள் கலந்த பச்சை நிறம், யு.வி. வெளிச்சத்தில் ஒளிரும். அதாவது முதல் கட்டத்துக்கு எந்த வேதிப்பொருளும் வேண்டாம், டார்ச் போதும். இல்லையென்றால் இந்த வேலையை எடுத்திருக்கவே மாட்டேன்.

பாக்டீரியாவை வளர்க்கும் ஊடகம் கிங்ஸ் பி. 1954-ல் வந்த செய்முறை, இன்றும் அப்படியே ஓடுகிறது. லிட்டருக்கு புரோட்டியோஸ் பெப்டோன் 20 கிராம், கிளிசரால் 10 மில்லி, டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1.5 கிராம், மக்னீசியம் சல்பேட் 1.5 கிராம், அகர் 15 கிராம், பி.எச். 7.2. ரெடிமேடாகவும் கிடைக்கும். நான் தனித்தனியாக எடைபோட்டேன், ஏனென்றால் பின்னால் இரும்பைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருந்தது.

இந்த வேலையில் சிரமம் பாக்டீரியாவை வளர்ப்பதில் இல்லை, இரும்பை உள்ளே வரவிடாமல் தடுப்பதில் இருக்கிறது. இரும்பு இல்லாத இடமே கிடையாது. கண்ணாடிப் பாத்திரத்தின் சுவரில் இருக்கும், அகரில் இருக்கும், எவர்சில்வர் ஸ்பாட்டுலாவில் இருக்கும். அதனால் எல்லாக் கண்ணாடியையும் 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறப்போட்டு, இரண்டு முறை வாலை வடித்த தண்ணீரில் பலமுறை அலசினேன். ஸ்பாட்டுலாவும் லூப்பும் பிளாஸ்டிக். அமில வேலைக்குக் கையுறையும் கண்ணாடியும் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், புகை இருமவைக்கும்.

பொடியிலும் மண்ணிலும் 10 கிராம் எடுத்து 90 மில்லி உப்புக் கரைசலில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, தட்டுக்கு 0.1 மில்லி பரப்பினேன். 28 டிகிரி. நம் ஊரில் மழைக்காலத்தில் இன்குபேட்டரே வேண்டாம், அலமாரி போதும்.

டார்ச் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரூபாய் நோட்டு பார்க்க என்று விற்கும் மலிவான டார்ச் பெரும்பாலும் 395 நானோமீட்டர். பையோவெர்டின் 400 பக்கம்தான் அதிகமாக உறிஞ்சும், அதனால் அது வேலை செய்யும். ஆனால் டார்ச்சே ஊதா வெளிச்சத்தைக் கொட்டுவதால் ஒளிர்வது எது, பிரதிபலிப்பது எது என்று குழப்பும். 365 டார்ச் கொஞ்சம் விலை கூட, ஆனால் படம் சுத்தம். இரண்டில் எதையும் கண்ணுக்கு நேரே காட்டக் கூடாது.

மறுநாளே புதிய பாக்கெட்டின் தட்டு நெருக்கமாக வளர்ந்திருந்தது. விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தால் தட்டு முழுக்க நீலப்பச்சை. காலனி மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள அகரும் ஒளிர்கிறது. அந்த மூலக்கூறு செல்லை விட்டு வெளியே போய்ப் பரவியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஷெட்டில் கிடந்த பாக்கெட்டில் ஒளிர்ந்தவை அங்கொன்றும் இங்கொன்றும். மீதியெல்லாம் வறண்டு சுருங்கிய வெள்ளைக் காலனிகள், ஒளியே கிடையாது. சூடோமோனாஸுக்குப் பேசில்லஸ் மாதிரி கெட்டியான வித்து உருவாகாது. பொடியின் டால்க் மாவில் காய்ந்து கிடக்கும் செல்லுக்குத் தகரக் கூரைச் சூடு தாங்காது. சித்தப்பாவுக்கான பதில் இங்கேயே கிடைத்துவிட்டது. பொடியை வீட்டுக்குள் நிழலில் வை, தேதிக்குள் போடு.

வாழை வேர் மண்ணிலும் ஒளிரும் காலனிகள் தாராளமாக இருந்தன. முட்டத்து மண்ணில் தேட வேண்டியிருந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. வேர் கசியவிடும் சர்க்கரைக்காகத்தான் இவை வேரைச் சுற்றி வாழ்கின்றன.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த பகுதி. அதே ஊடகத்தில் அன்னபேதி கலந்தேன். உரக்கடையில் கிடைக்கும் அதே பச்சைக் கல்தான், ஃபெர்ரஸ் சல்பேட். லிட்டருக்கு 28 மில்லிகிராம், அதாவது இரும்பு ஐந்தரை மில்லிகிராம் சொச்சம். புதிய பாக்கெட்டிலிருந்து பிரித்த ஒரே காலனியை அன்னபேதி இல்லாத தட்டிலும் இருக்கும் தட்டிலும் கோடு இழுத்து வைத்தேன். இரண்டிலும் வளர்ச்சி நன்றாக இருந்தது. சொல்லப்போனால் அன்னபேதித் தட்டில் கோடு இன்னும் தடிமன். ஆனால் டார்ச் அடித்தால் அது இருட்டு. அதே பாக்டீரியா, அதே நாள், வெளிச்சம் மட்டும் இல்லை.

செல்லுக்குள் ஃபர் என்று ஒரு புரதம் இதைக் கவனிக்கிறது. உள்ளே ஃபெர்ரஸ் (Fe²⁺) இரும்பு போதிய அளவு இருந்தால் அது ஃபர்ரோடு சேரும். சேர்ந்ததும் ஃபர் டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து சிடரோஃபோர் செய்யும் மரபணுக்களை மூடிவிடும். இரும்பு குறைந்தால் ஃபர் விலகும், வேலை தொடங்கும். பையோவெர்டினைச் செய்வது செலவான காரியம்; சில அமினோ அமிலங்களை, வழக்கமான ரைபோசோம் வழியில் இல்லாமல், பெரிய நொதிகளை வரிசையாக வைத்துக் கோக்க வேண்டும். தேவை இல்லாதபோது அதைச் செய்யாமல் இருப்பதில்தான் அதன் கெட்டிக்காரத்தனம்.

இன்னொரு தட்டுக்கு ஊடகத்தைத் தோட்டத்து போர்வெல் தண்ணீரிலேயே கரைத்தேன். வாளியில் மஞ்சள் கறை பிடிக்கும் தண்ணீர் அது. கூடத்தில் அளந்தால் இரும்பு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டியது. அந்தத் தட்டில் ஒளி மங்கியது, ஆனால் அணையவில்லை. ஊடகத்தில் எந்தத் தண்ணீர் என்று எழுதாமல் யாராவது "ஒளிரவில்லை, பொடி போலி" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து திரவ ஊடகம். அகர் இல்லாத கிங்ஸ் பி-யில் குலுக்கி வளர்த்து, செல்லைச் சுழற்றி அடியில் இறக்கி, மேலே தெளிந்ததை வடிகட்டிக்கொண்டேன். சாதாரண வெளிச்சத்தில் வெளிர் மஞ்சள். டார்ச்சில் பளிச். அதில் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலை ஒவ்வொரு சொட்டாக விட்டால் ஒளி படிப்படியாகச் செத்துப்போகிறது, திரவம் பழுப்பாக மாறுகிறது. இரும்பைப் பிடித்த பையோவெர்டின் ஒளிராது என்பதுதான் காரணம். இதற்குத் தட்டும் வேண்டாம், சாயமும் வேண்டாம். கல்லூரி மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

குழாயில் அணைந்த ஒளி அணைந்ததுதான். உயிருள்ள செல் அதைத் திருப்பிக் கொண்டுவரும். இரும்பேறிய பையோவெர்டின் சாதாரணத் துளை வழியாக உள்ளே நுழைய முடியாத பெரிய சரக்கு; அதற்கென்று வெளிச்சவ்வில் எஃப்.பி.வி.ஏ. என்ற வாங்கிப் புரதம் இருக்கிறது. வெளிச்சவ்வில் சக்தி கிடையாது, அதனால் உள்சவ்விலிருந்து டான்-பி என்ற புரதம் நீண்டு வந்து அந்த வாங்கியை இழுத்துத் திறக்கிறது. இரண்டு சவ்வுக்கும் இடையில் ஃபெர்ரிக் இரும்பு ஃபெர்ரஸாகக் குறைக்கப்படும். ஃபெர்ரஸை சிடரோஃபோரால் இறுக்கிப் பிடிக்க முடியாது, விட்டுவிடும். காலியான பையோவெர்டின் மறுபடி வெளியே அனுப்பப்படும், மறுபடி ஒளிரும். என்டரோபாக்டின் விஷயத்தில் ஈ. கோலை இவ்வளவு சிக்கனம் இல்லை. அது மூலக்கூறையே உடைத்துத்தான் இரும்பை எடுக்கிறது.

சும்மா ஒரு பக்கவாட்டுச் செய்தி. முட்டை வெள்ளைக்கருவிலும் இதே போர்தான் நடக்கிறது. அதிலுள்ள ஓவோடிரான்ஸ்ஃபெரின் இரும்பைக் கட்டிவைத்துக்கொண்டு பாக்டீரியாவைப் பட்டினி போடுகிறது. பச்சை வெள்ளைக்கரு கிருமியை வளரவிடாது, இரும்பு சேர்த்தால் வளர்ந்துவிடும் என்று ஷேடும் கேரலைனும் 1944-லேயே காட்டினார்கள். நம் ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின், தாய்ப்பாலில் லாக்டோஃபெரின். என்டரோபாக்டினையே நடுவழியில் பிடிக்க நம் உடலில் தனியாக ஒரு புரதம்கூட உண்டு. அதற்கும் தப்பிக்க, சால்மொனெல்லா தன் என்டரோபாக்டினில் சர்க்கரையை ஒட்டிக்கொள்கிறது.

சரி, தட்டுக்கு வருவோம். டார்ச் பையோவெர்டினை மட்டும்தான் காட்டும். ஒளிராத சிடரோஃபோர் நிறைய உண்டு. அந்த வெள்ளைக் காலனிகளும் ஏதாவது சுரக்கலாம். அதற்கு ஷ்வினும் நீலண்ட்ஸும் 1987-ல் கொடுத்த குரோம் அசுரால் எஸ் சாயம். சாயம் இரும்போடு சேர்ந்து கருநீலம். சிடரோஃபோர் வந்து இரும்பைப் பறித்துக்கொண்டால் சாயம் ஆரஞ்சாக மாறும். முழு ஊடகத்தையும் நீலமாகச் செய்யும் பழைய முறையில் எனக்குப் பொறுமை இல்லை. அதில் போடும் எச்.டி.டி.எம்.ஏ. சோப்பு மாதிரிப் பொருள், பல கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அதனால் தட்டில் வளர்த்த பிறகு மேலே நீலத்தை ஊற்றும் முறைக்குப் போனேன்.

100 மில்லிக்கு அளவு: குரோம் அசுரால் 6 மில்லிகிராம், எச்.டி.டி.எம்.ஏ. 7.3 மில்லிகிராம், ஃபெர்ரிக் குளோரைடு கரைசல் 1 மில்லி, பைப்ஸ் பஃபர் 3 கிராம், அகரோஸ் 0.9 கிராம். ஃபெர்ரிக் குளோரைடு ஒரு மில்லிமோலார், 10 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தது. வெறும் தண்ணீரில் கரைத்தால் அதுவே துருவாகப் படியும். முதலில் சாயமும் இரும்பும் சேர வேண்டும், பிறகு அதை எச்.டி.டி.எம்.ஏ. கரைசலில் கலக்கிக்கொண்டே மெதுவாக ஊற்ற வேண்டும். பைப்ஸ் அப்படியே கரையாது. சோடியம் ஹைட்ராக்சைடை விட விடத்தான் கரையும், 6.8 வந்ததும் நிறுத்துங்கள். பி.எச். இறங்கினால் நீலம் பச்சையாகித் தட்டு பார்க்கவே லாயக்கில்லாமல் போகும். தட்டுக்கு 10 மில்லி, கை பொறுக்கும் சூட்டில் ஊற்றினால் போதும்.

கால் மணி நேரத்துக்குள் ஒளிரும் காலனிகளைச் சுற்றி ஆரஞ்சு வளையம். ஒளிராத வெள்ளைக் காலனிகளில் சிலவற்றைச் சுற்றியும் வளையம் இருந்தது, டார்ச் காட்டாதது இங்கே தெரிந்தது. பக்கத்தில் எதுவும் வளர்க்காத வெறும் தட்டிலும் அதே நீலத்தை ஊற்றி வைத்திருந்தேன். நேரம் ஆக ஆக அதுவும் லேசாக வெளுத்தது. ஊடகத்தின் பாஸ்பேட்டும் இரும்பைக் கொஞ்சம் இழுக்கும் அல்லவா. இன்னொன்றில் ஈ.டி.டி.ஏ. ஒரு சொட்டு, உடனே ஆரஞ்சு. அதாவது இந்தச் சாயம் சிடரோஃபோரை அடையாளம் காட்டுவதில்லை, இரும்பு பறிபோனதைத்தான் காட்டுகிறது. வெறும் தட்டை ஒப்பிடாமல் வளையத்தின் அகலத்தை ஸ்கேலால் அளந்து வரிசைப்படுத்தும் வேலையில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

ஒன்றின் சிடரோஃபோர் இன்னொன்றுக்கும் உதவுமா என்ற சோதனை ஆசைக்குச் செய்தது. ஊடகத்தில் டைபிரிடில் என்ற இரும்புப் பிடிப்பானை லிட்டருக்கு 31 மில்லிகிராம் கலந்து பாக்டீரியாவுக்குப் பஞ்சத்தை உண்டாக்கினேன். வேர் மண்ணிலிருந்து எடுத்த, ஒளியும் இல்லாத வளையமும் இல்லாத ஒரு காலனியை அதில் மெல்லப் பரப்பி, நடுவில் ஒளிரும் பாக்டீரியாவைப் புள்ளியாக வைத்தேன். பரப்பியது தட்டின் ஓரத்தில் வளரவே இல்லை. புள்ளியைச் சுற்றி மட்டும் வட்டமாக வளர்ந்தது. கரமடி வலை இழுக்கும்போது கயிற்றைத் தொடாதவனும் மீன் பங்குக்கு வந்து நிற்பான் இல்லையா, அதுதான். வெளியே விட்ட மூலக்கூறு யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும், பொருத்தமான வாங்கிப் புரதம் மட்டும் இருந்தால் போதும். பையோவெர்டினின் அமினோ அமிலச் சங்கிலி இனத்துக்கு இனம் மாறுவதற்கு இந்த ஓசிச் சாப்பாட்டுக்காரர்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறார்கள்.

வாடல் நோய்க்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், நோயைக் கொண்டுவரும் ஃபியூசேரியம் பூஞ்சைக்கும் இரும்பு வேண்டும். வேரைச் சுற்றியுள்ள கொஞ்ச இரும்பை சூடோமோனாஸ் கட்டிவைத்துக்கொண்டால் பூஞ்சைக்குக் குறையும். வேர்ப் பாக்டீரியாவின் சிடரோஃபோர் பயிர் வளர்ச்சிக்கு உதவுகிறது என்று கிளோப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1980-ல் எழுதியதிலிருந்து இந்தப் பேச்சு ஓடுகிறது. ஆனால் இதுவே முழுக்கதை இல்லை. இதே பாக்டீரியாக்கள் பூஞ்சையைக் கொல்லும் வேறு பொருள்களையும் சுரக்கும், செடியின் சொந்த எதிர்ப்பையும் தூண்டிவிடும். என் தட்டில் பெரிய வளையம் போட்டது தோட்டத்தில் பெரிய காவலன் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் ஒரு மாற்றத்தைச் சித்தப்பாவிடம் சொன்னேன். இலை வெளுப்புக்கு அன்னபேதி தெளிப்பதானால் தெளிக்கட்டும். சூடோமோனாஸ் கரைசலும் அன்னபேதியும் ஒரே டிரம்மில் வேண்டாம். மண்ணுக்குப் போனதும் அன்னபேதி சீக்கிரம் துருவாகிவிடும், பாதிப்பு நிரந்தரம் அல்ல. ஆனால் டிரம்முக்குள் அது பாக்டீரியா சிடரோஃபோர் சுரப்பதை நிறுத்தவே செய்யும். செம்புப் பூஞ்சைக்கொல்லியை அதோடு கலப்பது இன்னும் மோசம், பாக்டீரியாவையே கொன்றுவிடும்.

வேர் மண்ணிலிருந்து கிடைத்த, நன்றாக ஒளிரும் காலனியை வெல்லப்பாகில் பெருக்கித் தோட்டத்துக்கு விடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நான் விடவில்லை. ஒளிர்வதெல்லாம் பொடியில் விற்கும் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் இனம் அல்ல. காதில், புண்ணில், மருத்துவமனையில் தொல்லை கொடுக்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவும் அதே பையோவெர்டின் குடும்பத்தைச் செய்யும், மண்ணிலும் தண்ணீரிலும் வாழும். எளிய வடிகட்டல் ஒன்று இருக்கிறது. ஃபுளோரசன்ஸ் 42 டிகிரியில் வளராது, ஏருஜினோசா வளரும். என் வேர் மண் காலனிகளில் சில 42 டிகிரியில் தாராளமாக வளர்ந்தன, ஒன்று ஊடகத்தை நீலப்பச்சையாகவே ஆக்கியது. புதிய பாக்கெட்டிலிருந்து எடுத்தது வளரவில்லை. மண் காலனிகள் உள்ள தட்டுகளையெல்லாம் திறக்காமலே ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துத்தான் குப்பைக்கு அனுப்பினேன். வீட்டில் பிரஷர் குக்கரை வைத்து இதைச் செய்ய நினைப்பவர்கள் மண்ணைத் தொடவே வேண்டாம்; பாக்கெட் பொடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இன்குபேட்டரை 30 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள், அந்தக் குக்கரில் அதற்குப் பிறகு சோறு வைக்காதீர்கள்.